குத்துச்சண்டை கற்பித்த பொறுமை

வெகுளாமைக்கென வள்ளுவர் தனியொரு அதிகாரமே வகுத்துத் தந்துள்ளார். பள்ளிப் பருவத்தில் அதனை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசும் பெற்றவர் நாம். ஆயினும் அதன் பொருள் நமக்கு விளங்கியது நாற்பத்து நான்காம் வயதில், தில்லியிலுள்ள ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் என்றால் சங்க அன்பர்கள் நகைக்கக்கூடும்.

நாம் பிறந்தது வடசென்னையில், இராயபுரத்தில். 1980-ஆம் ஆண்டில் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது, கூட்டத்தில் நின்று கண்ணாரக் கண்டவர் நம் தந்தையார். அக்கதையை அவர் சொல்ல எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எனினும் பி.ஏ. முடித்து, மத்திய அரசு எழுத்தராகத் தலைநகர் வந்த நாம், கோப்புகளைத் தவிர வேறெதனோடும் மல்லுக்கு நின்றதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் தந்தையார் மறைந்தார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நம்மைச் சென்னையில் இறக்கிவிடுவதற்குள் அண்ணன் கொள்ளி வைத்து முடித்திருந்தார். முகத்தைக்கூடக் காணவில்லையே என்ற ஏக்கம் தில்லி வரை உடன் வந்தது. அதன்பின் இரவு மூன்று மணிக்குமேல் உறக்கமில்லை. அலுவலகத்தில் அடக்கிய எரிச்சல் வீட்டில் வெடித்தது. ஒருநாள் மாலை, மகள் கைதவறித் தேநீரைக் கொட்டிவிட்டாள். நாம் கை ஓங்கினோம். பன்னிரண்டு வயதுக் குழந்தை அழவில்லை, ஓடவுமில்லை. குத்துச்சண்டை வகுப்பில் கற்றவாறு இரு கைகளையும் உயர்த்தி முகத்தைக் காத்துக்கொண்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் அவளுடைய பயிற்சியாளரிடம் சென்றோம். அவர் ஹரியானாக்காரர்; அதிகம் பேசாதவர். முதல் இரண்டு வாரங்கள் கயிறு தாண்டுதலும் கால் வைக்கும் முறையும்தாம். பிறகே தொங்கும் மூட்டையைக் குத்த அனுமதி கிடைத்தது. சினமனைத்தையும் அதன்மீது கொட்டிவிடலாமென எண்ணி வெறிகொண்டு குத்தினோம். ஒரு நிமிடத்திற்குள் மூச்சு முட்டியது. “கோபப்பட்டால் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை விடுங்கள்” என்றார் அவர், இந்தியில்.

மூட்டையைக் குத்தினால் கோபம் தீர்ந்துவிடும் என்பது பலரது நம்பிக்கை. ஆனால் 2002-இல் வெளியான பிராட் புஷ்மன் என்னும் அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு, தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குச் சினம் மிகுந்ததையே காட்டிற்று. நன்மை செய்வது குத்தன்று, ஒழுங்கே. மூன்று நிமிடம் உழைப்பு, ஒரு நிமிடம் ஓய்வு. மணி அடித்தால் நிறுத்தியே ஆகவேண்டும். கால், தோள், மூச்சு மூன்றையும் ஒருங்கே கவனிக்கும் மனத்திற்குப் பழைய புண்ணைக் கிளற நேரமேது? உடல் களைத்தால் உறக்கம் வருகிறது. உறக்கம் வந்தால் மனம் தெளிகிறது.

ஒருநாள் அந்த ஓய்வு நிமிடத்தில், காரணமின்றிக் கண்ணீர் பெருகியது. தந்தையாருக்காக நாம் அழுதது அன்றுதான் முதல்முறை. வியர்வையோடு வியர்வையாக அதுவும் வழிந்து போயிற்று. அன்றிரவு விடியும் வரை உறங்கினோம்.

இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கூறவில்லை. தலையில் அடி வாங்குவது மூளைக்குக் கேடு. எதிராளியின்றிச் செய்யும் பயிற்சியே நம் வயதினர்க்குப் போதும். மனச்சோர்வு ஆழமாயின் மருத்துவரை நாடுவதே முறை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஊரையும் உறவையும் விட்டு வந்த நம் போன்றோர், துயரத்தைப் பேச ஆளின்றி அதைக் கோபமாக மாற்றி வீட்டாரிடம் காட்டிவிடுகிறோம். அதற்கு வேறு வழியுண்டு என்பதே நாம் சொல்ல விழைவது.

இப்போது ஞாயிறு காலைகளில் தந்தையும் மகளும் சேர்ந்தே பயிற்சிக்குச் செல்கிறோம். மெத்தைப் பலகையைக் கையில் மாட்டிக்கொண்டு, “வாங்கப்பா” என்று எதிரே நிற்கிறாள். நாம் கையை உயர்த்துகிறோம். அவள் முகத்தை மறைத்துக்கொள்வதில்லை.