பெரியப்பா ஓடி வரவில்லை

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவைப் பற்றி ஒரே ஒரு கதைதான் உண்டு. ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனார், குளிர் தாங்காமல் ஆறே மாதத்தில் ஓடி வந்துவிட்டார். ராசிபுரத்தில் எந்த விசேஷமானாலும் பந்தியில் யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. சேகோ ஃபேக்டரியில் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்தக் கதை பிடித்ததே இல்லை. தோற்று ஓடி வந்தவர், நீனா பொத்தாப்பவாவின் ரஷ்ய மொழிப் பாடநூலுக்கு அட்டை போட்டுக் கடைசிவரை பெட்டிக்குள் வைத்திருப்பாரா? பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. உடற்கூறு, உடலியங்கியல் என்று ஒரு புத்தகம்கூட அந்தப் பெட்டியில் கிடையாது.

தங்கை மகளுக்கு ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். இடம் பார்க்கத் தொடங்கியதும் பழைய கதை மறுபடி கிளம்பியது. “உன் பெரிய தாத்தா மாதிரி திரும்பி வந்துராதே” என்று அந்தப் பெண்ணிடமே சொன்னார்கள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கட்சி வழியில் தேடினேன். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்ட மண் இது. மோகன் குமாரமங்கலத்தின் சொந்த ஊரும் திருச்செங்கோட்டுப் பக்கம்தான். அந்தக் காலத்தில் இங்கிருந்து மாஸ்கோ போனவர் தோழராகத்தான் இருப்பார் என்று யாருக்கும் தோன்றும். மூத்த தோழர்கள் அன்போடு உட்காரவைத்து, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் வாங்கிய மாஸ்கோ பதிப்புகளைக் காட்டினார்கள். பெரியப்பா பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

மிஞ்சியது பாடநூலுக்குள் இருந்த ஒரு துண்டுக் காகிதம். ஊதா மை பாதி கரைந்த அச்சு. செல்போனைக் காட்டினால் ‘புஷ்கின்’ என்ற பெயரை மட்டும் பிடித்துக் கொடுத்தது. மாஸ்கோவில் வெளிநாட்டாருக்கு ரஷ்யன் கற்பிக்கும் புஷ்கின் ரஷ்ய மொழி நிறுவனம் உலகறிந்தது. ‘ரஷ்யன் ஃபார் எவ்ரிபடி’ பாடநூலைத் தொகுத்த கஸ்தமாரவ்தான் அதை நெடுங்காலம் நடத்தியவர். அங்கேதான் படித்திருக்கிறார் என்று மனம் துள்ளியது. ஆனால் பென்சில் குறிப்புகளுக்கு அடியில் பெரியப்பா போட்டிருந்த ஆண்டு 1968. அந்த நிறுவனம் 1966இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குள் ஒரு மையமாகத் தொடங்கியது. தனி நிறுவனமானது 1973இல். ஆண்டு இடித்தது. அந்தத் துண்டை வெயிலில் பிடித்தும், விளக்கடியில் வைத்தும், பெரிதாக்கிப் படமெடுத்தும் பார்த்தபடியே இருந்தேன். அசையவில்லை.

பாடநூலின் பின்னட்டையில் பெரியப்பா கையால் ஒரு பெயர், பக்கத்தில் பரமத்தி வேலூர் என்று ஊர். விசாரித்தால் அவர் ஓய்வுபெற்ற டாக்டர். எண்பதுகளில் வோல்கா கரை நகரம் ஒன்றில் மருத்துவம் படித்தவர். வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி வீடு. காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“படிச்சுச் சொல்லுங்கய்யா.”

“நான் எதுக்குங்க படிக்கோணும்? 33 எழுத்துத்தானுங்க. நீங்களே படிச்சுட்டு வாங்க.”

எத்தனை கேட்டும் மசியவில்லை. பெரியப்பாவைத் தெரியுமா என்றேன். “எழுத்துப் படிச்சுட்டு வந்தீங்கன்னா பேசலாமுங்க” என்றார். காபி வந்தது, கொய்யாப்பழம் வந்தது, பதில் மட்டும் வரவில்லை.

கோபத்தோடுதான் பொத்தாப்பவாவைத் திறந்தேன். ஆங்கில ‘வொய்’ போல இருப்பது ‘உ’. மூன்றாம் எண் போல இருப்பது ‘ஸ’. ‘பி’ போல இருப்பது ‘ர’. பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்து போட்டிருந்தார்; அவர் கைபிடித்தே படித்தேன். மறுபடி போனபோது டாக்டர் காகிதத்தை முன்னால் வைத்து, “புஷ்கின்னா இருக்குது? நல்லாப் பாருங்க” என்றார். கடைசியில் ஒரு ‘அ’ ஒட்டியிருந்தது. புஷ்கினா. “அது ஆறாம் வேற்றுமைங்க. நம்ம ‘உடைய’. அப்ப இது புஷ்கின் இல்ல, புஷ்கின் பேர்ல இருக்கிற ஏதோ ஒண்ணு. முன்னாடி என்ன இருக்குதுன்னு பாருங்க.” கரைந்த மைக்குள் வால் மட்டும் தெரிந்தது: ‘ஸேய்’. முஸேய்! அருங்காட்சியகம். 1912இல் திறந்து, 1937இல் புஷ்கின் பெயர் சூட்டப்பட்ட மாஸ்கோ நுண்கலை அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டு அது. பெரியப்பா படித்த இடம் அதில் இல்லை. ஆனால் அந்த எழுத்துகளை நானே படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், எங்கே படித்தார் என்பதைவிட எப்படிப் படித்தார் என்ற கேள்விதான் பெரிதாகிவிட்டது.

அதற்கப்புறம் டாக்டரை நிறுத்தவே முடியவில்லை. வெளிநாட்டு மாணவர்களை சோவியத்தில் நேராக மருத்துவக் கல்லூரிக்குள் விடமாட்டார்கள். முதலாண்டு முழுக்க ஆயத்தப் பிரிவு, மாணவர் பேச்சில் ‘பொத்ஃபாக்’. 1960இல் தொடங்கி மறு ஆண்டு பத்ரீஸ் லுமும்பா பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்திலும் இதே வழக்கம். சின்னக் குழு, வியட்நாம், கியூபா, எத்தியோப்பியா என்று ஆளுக்கொரு நாடு. பொதுமொழி கிடையாது, அதனால் முதல் நாளிலிருந்தே ரஷ்யன்தான். முதலில் உச்சரிப்பு மட்டும். பிறகு பேச்சு. கடைசி மாதங்களில் வேதியியல், உயிரியல் சொற்கள்.

“தமிழ் மீடியத்துல படிச்சது எனக்கு லாபமுங்க” என்றார். ‘நான் மாணவன்’ என்பதை ரஷ்யனிலும் ‘யா ஸ்துதியென்த்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்; ஆங்கிலம் பழகியவர்கள் நடுவில் ஒரு வினையைத் தேடித் தவிப்பார்களாம். இன்னொன்று சொன்னார், அதை நான் எந்த இலக்கண நூலிலும் படித்ததில்லை. ‘வீடு பார்த்தேன்’ என்போம், ‘தம்பி பார்த்தேன்’ என்று சொல்வோமா? ‘தம்பியை’ என்றால்தான் சரி. ரஷ்யனிலும் மேசையைப் பார்த்தால் ஆண்பால் சொல் அப்படியே நிற்கும். மாணவனைப் பார்த்தால் ஈறு மாறும். உயிருள்ளதற்குத் தனி மரியாதை. வகுப்பில் இதற்கு மட்டும் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லையாம். கஷ்டப்படுத்தியது வேறு: நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொன்று. மேசை ஆண், புத்தகம் பெண். அஃறிணைக்கும் பால் பார்க்கவேண்டும்.

“இதெல்லாம் மொதல்ல யாரு சொல்லிக் குடுத்தாங்க தெரியுமுங்களா? உங்க பெரியப்பாதான்.”

டாக்டர் விமானம் ஏறுவதற்கு முன் அவருக்கு ராசிபுரத்துத் திண்ணையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பெரியப்பா, காசு வாங்காமல். அவர் மருத்துவத்துக்குப் போகவே இல்லை. டெல்லியில் 1965இல் ரஷ்ய ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கினார்கள். பின்னால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது அதுதான். பெரியப்பா அங்கே மாணவர். மொழிப் பயிற்சிக்காக ஒரே ஒரு செமஸ்டர் மாஸ்கோ போனார். “ஓடி வரலீங்க. செமஸ்டர் முடிஞ்சுது, வந்தாரு” என்றார் டாக்டர். அதற்குள் தாத்தா படுத்த படுக்கை. குடும்பத்தைப் பார்க்க மூத்த மகன் ஊரிலேயே நின்றுவிட்டார். ஊர் தனக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்லிக்கொண்டது.

அடுத்த முறை தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்லூரி சேர்க்கும் ஏஜென்ட் தந்த வண்ணத் தாளில் ‘முழுக்க ஆங்கிலவழி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பொய் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், பயிற்றுமொழி ஆங்கிலம், அதே கல்லூரியில் மேலும் 12 மாதம் பயிற்சி. நம் பிள்ளைகள் ஆங்கிலவழியில்தான் சேர்ந்தாக வேண்டும். அதனால் ரஷ்யன் ஓரப்பாடமாக ஒதுங்கிவிடுகிறது. ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டி ஆங்கிலத்திலா முனகுவாள்? ஒரு வருடம் கொடுத்துப் படிப்பித்த மொழியை இன்று மாலை வேளையில் அரைத்தூக்கத்தில் படிக்கிறார்கள். நோயாளியின் வாயிலிருந்து வரலாறு வாங்கத் தெரியாத மாணவருக்குக் கட்டிலோரத்தில் எத்தனை மாதம் நின்றாலும் என்ன கிடைக்கும்? வீட்டில் எல்லாரிடமும் இதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்: சேரும் வரைக்கும் சும்மா இருக்கும் மாதங்களை மொழிக்குக் கொடுங்கள்.

டாக்டர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, “நாந்தான் நோயாளி, கேளு கண்ணு” என்றார்.

அவள் நோட்டைப் பார்த்துத் தயங்கி, “ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?” என்றாள். உங்களுக்கு என்ன தொந்தரவு?

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ரஷ்யனில் புலம்பினார். அவளுக்கு ‘கலவா’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது, தலை. எப்போதிலிருந்து என்று கேட்கச் சொன்னார். கேட்டாள். வாந்தி உண்டா என்று கேட்கச் சொன்னார். அதற்குச் சொல் இல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் பெரியப்பாவின் பாடநூலைப் புரட்டினேன், அதிலும் இல்லை. டாக்டர் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள்.

“இன்னிக்குத் தலைவலி போதும் கண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை வா, வயித்துவலி பார்க்கலாம்.”