எதிரியில்லாப் போர்

எதிர்த்து நிற்பவன் ஒருவனுமில்லாத வெறுவெளியில் உதையும் சுழற்சியும் கரணமுமாகத் துள்ளும் வித்தையை இக்காலத்தார் ‘டிரிக்கிங்’ என்பர். எம் விடுதித் தோழர் சிலர் மாலைதோறும் மைதானத்து மணலில் இதனைப் பயில்வர். யாமும் அவருள் ஒருவேம். ‘இது போருமன்று, கூத்துமன்று’ என்று பெரியோர் சிலர் நகைக்கக் கேட்டு, இதன் பிறப்பினை ஆராயப் புகுந்தோம்.

இதற்குத் தாயர் பலர். சுழன்றெழுந்து உதைப்பது கொரியரது தேக்வாண்டோ. உடலைக் கிடையாக வீசிப் பட்டாம்பூச்சிபோற் பறப்பது சீனரது வூசூ. கரணங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தந்தவை. அமெரிக்க நாட்டுக் கராத்தே போட்டிகளில் இவை ஒன்றோடொன்று கலந்தன; 2000-க்குப் பின் இணையவழிப் படங்களால் உலகெங்கும் பரவின.

எம் உள்ளத்தை ஈர்த்தது நான்காவது தாயாகிய கப்போயிராவே. ஆப்பிரிக்காவினின்று பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொணரப்பட்டோர் வளர்த்த கலை அது. 1888-இல் அடிமைத்தளை அறுந்தது. 1890-இலோ, தெருவில் அதனை ஆடுவோர்க்கு இரண்டு முதல் ஆறு திங்கள் சிறை என்று சட்டம் எழுந்தது. விடுதலை பெற்றவன் காலைத் தூக்கினும் குற்றம்! 1932-இல் மேஸ்திரே பிம்பா என்பார் சால்வதோர் நகரில் பள்ளியொன்று நிறுவினார். 1937-இல் அரசும் அதனை ஏற்றது. 2014-இல் யுனெஸ்கோ அவ்வாட்ட வட்டத்தை மனித குலத்தின் மரபுச் செல்வமெனப் பதிந்தது. ஆட்டத்தை நடத்துவது சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றை நரம்பு வில். தமிழ் பயில்வார்க்குப் பெரும்பாணாற்றுப்படையின் வில்யாழ் நினைவில் எழாதிராது.

பயன் யாதெனின், திரைப்படத்தார் இதனை நன்கறிவர். ஜாக்கி சான் சிறுவயதில் ஹாங்காங்கிலுள்ள பீக்கிங் நாடகப் பள்ளியில் கரணம் பயின்றவரே. எமக்கோ, விழக் கற்பதே பெரும்பயனாகத் தோன்றுகின்றது. வானில் கைகால்களை ஒடுக்குந்தோறும் சுழற்சி விரைவுறும், விரித்தால் தணியும். இடையில் அஞ்சி விரிப்பவன் தலைகீழாக வீழ்வன்.

சென்ற ஆண்டு தோழர் ஒருவர் அவ்வாறே வீழ்ந்து மணிக்கட்டு முறிந்தார். அன்றுமுதல் எம் அன்னையார் தொலைபேசியில் அழைக்குந்தோறும், “அந்த ஆட்டம் வேண்டாம் ஐயா” என்பார். நூல்கள் கூறும் வரலாறு அவர்முன் செல்லாது. பின்கரணத்துக்கு யாம் இன்னும் துணிந்திலேம். கையூன்றிச் சுழல்வது மட்டும் கைவந்துள்ளது. வரும் விடுமுறையில் வீட்டு முற்றத்தில் அதனை அவர் காணச் செய்து காட்டுவதாக இசைந்துள்ளோம். கண்டபின்னும் வேண்டாவென்பாராயின் விடுவதென்பதே உடன்பாடு.