துணைநின்ற ஆட்டம்

நாஞ்சில் நாட்டுப் பள்ளியொன்றில் நான் தமிழ் பயிற்றிய காலத்தில், கிரிக்கெட் அணி தோற்றதற்காக மாணவனொருவன் நாணித் தலைகவிழ்ந்திருந்தான். நெடுநேரம் நின்றாடியும் அவன் எடுத்தவை சில ஓட்டங்களே. அவனருகே அமர்ந்து ஒரு வரலாறு கூறினேன்.

இரண்டாம் உலகப்போரால் இங்கிலாந்தில் கவுண்டிப் போட்டிகள் நின்றிருந்த 1943ஆம் ஆண்டு, மும்பையில் ஐந்தணிப் போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. இந்துக்கள் அணி 581 ஓட்டங்கள் குவித்தது. ‘ரெஸ்ட்’ அணியோ 133 ஓட்டங்களில் வீழ்ந்தது. மறுமுறை ஆடியபோது விஜய் ஹசாரே 309 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் மொத்தமே 387தான். அவருடன் 300 ஓட்டங்கள் சேரும்வரை துணைநின்ற உடன்பிறந்தார் விவேக் எடுத்தவை 21 மட்டுமே! அவ்வணியும் தோற்றது. எனினும், விவேக் நின்றிராவிடில் அந்த 309 ஏது?

“நானும் நின்றேன், ஐயா” என்று மாணவன் நிமிர்ந்தான். வரப்பில் நெல் விளைவதில்லை. ஆயினும் வயலில் நீரை நிறுத்துவது வரப்பன்றோ?