ஸ்டாப்வாட்ச் யார் கையில்?

மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசிவிட்டு எல்லோருமாக டீக்கடைக்கு வந்தோம். முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணா, ஹாஸ்டல்ல ‘நீ கோட்டாவுல வந்தவன், நாங்க மெரிட்ல வந்தவங்க’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?”

கூட இருந்த தோழர்கள் அம்பேத்கரிலிருந்து தொடங்கி நல்ல பதில்கள் சொன்னார்கள். நான் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்று பாதியில் நின்றதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ரசிகன். நாம் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதி ஆடும் ஆட்டம். எனக்கு இது வந்தது சென்னையில் ஒரு கால் சென்டரின் இரவு ஷிப்டில். எங்கள் டீமுக்கு வரும் அழைப்புகளில் பாதி பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து. திங்கட்கிழமை பேசும் வாடிக்கையாளர் கோபமாக இருப்பாரா, சிரித்துப் பேசுவாரா என்பதை ஞாயிறன்று ஸ்டீலர்ஸ் ஜெயித்ததா தோற்றதா என்பதை வைத்தே சொல்லிவிடலாம். வேலைக்காகத்தான் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்தேன். 2009 பிப்ரவரி 2, நமக்கு விடிகாலை. ஷிப்ட் முடியும் நேரத்தில் கேண்டீன் டிவியில் சூப்பர் பவுல் ஓடியது. ஸ்டீலர்ஸ் ஜெயித்தது. மைதான ஓரத்தில் தலைமைப் பயிற்சியாளராக நின்றவர் 36 வயதுக் கறுப்பர், மைக் டாம்லின். அன்றிலிருந்து நான் இந்த அணியின் ஆள்.

இனி விஷயம். அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 32 அணிகள். ஆண்டுதோறும் ஏப்ரலில் ‘ட்ராஃப்ட்’ நடக்கும். கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். ஏழு சுற்று. யார் முதலில் எடுப்பது? போன சீசனில் எல்லோரையும்விட மோசமாகத் தோற்ற அணி. கோப்பை வென்ற அணிக்குக் கடைசி இடம். அதோடு, தேசிய தொலைக்காட்சி உரிமைப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு 1994 முதல் எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு.

முதலாளித்துவத்தின் தலைநகரத்தில், கோடீஸ்வரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒரே அணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் ஆட்டமே செத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ‘தோற்றவனுக்கு ஏன் முதல் வாய்ப்பு, மெரிட் என்னாச்சு’ என்று அங்கே யாரும் தெருவுக்கு வருவதில்லை.

இதோடு நிறுத்தினால் நாம் ஏமாந்துபோவோம். ட்ராஃப்ட் இட ஒதுக்கீடு அல்ல. போன வருஷம் தோற்ற அணியும், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட மக்களும் ஒன்றில்லை. ட்ராஃப்டில் சமநிலை கிடைப்பது முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையில். எந்த ஊரில், யாருக்காக ஆடுவது என்பதில் ஆட்டக்காரருக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நமக்கான பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு ரசிகனாக என் வழக்கமான புலம்பலைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

ட்ராஃப்ட் வந்தால் ரசிகர்களுக்குள் நடக்கும் பெரிய சண்டை இது: அணிக்கு எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ அதை அடைக்க ஆள் எடுப்பதா, அல்லது இடம் எதுவானாலும் இருப்பவர்களில் சிறந்தவரை எடுப்பதா? 2022-இல் ஸ்டீலர்ஸுக்கு குவார்ட்டர்பேக் இல்லை. குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். பல ஆண்டுகள் ஆடிய பென் ரோத்லிஸ்பர்கர் ஓய்வு பெற்றிருந்தார். அவசரத்தில் 20ஆவது இடத்தில் கென்னி பிக்கெட்டை எடுத்தார்கள். அவர் உள்ளூர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பையன். 1983-இல் இதே பல்கலைக்கழகத்தின் டான் மரீனோவை ஸ்டீலர்ஸ் கைவிட்டது, அவர் மயாமி போய் மாபெரும் ஆட்டக்காரரானார். அந்த வருத்தம் ஊருக்குள் இன்னும் இருக்கிறது. பழைய தவறுக்குப் பரிகாரம் தேடியதுபோல இருந்தது அந்தத் தேர்வு. இரண்டே சீசன், 2024 மார்ச்சில் பிக்கெட்டை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். தேவை கண்ணை மறைத்தால் இப்படித்தான் ஆகும்.

2025 ட்ராஃப்டுக்கு முன் என் நோட்டில் மூன்று வரி எழுதியிருந்தேன். ஒன்று, தடுப்பு வரிசையின் நடுவில் ஆள் வேண்டும். அந்த ஜனவரியில் நாக்அவுட் ஆட்டத்தில் எங்கள் பரம எதிரி பால்டிமோர் ரேவன்ஸ் எங்கள் மேல் 299 கஜம் ஓடித் தீர்த்திருந்தது. அங்கே தூணாக நின்ற கேம் ஹேவர்டுக்கோ 36 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு, நஜீ ஹாரிஸ் போய்விட்டதால் பந்தை ஏந்தி ஓட ஒருவர். மூன்று, குவார்ட்டர்பேக்குக்கு அவசரப்படாதே.

கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. 21ஆவது இடத்தில் ஓரிகனின் டெரிக் ஹார்மன், மூன்றாம் சுற்றில் ஓட்டக்காரர் கேலப் ஜான்சன், ஆறாம் சுற்றில்தான் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டு. எனக்குத் திருப்திதான், ஒன்றைத் தவிர. நான்காம் சுற்றில், 123ஆவது இடத்தில், ஜாக் சாயரை எடுத்தார்கள். அவருடைய இடத்தில் எங்களிடம் ஏற்கெனவே நல்ல ஆட்கள் இருந்தார்கள். சாயர், ஹோவர்டு இருவருமே அந்த ஆண்டு தேசிய சாம்பியனான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரர்கள். எல்லோரும் பார்க்கும் இடம், எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பதினெட்டு இடம் கழித்து, 141இல், ரேவன்ஸ் கார்சன் வின்சன் என்பவரை எடுத்தது. அலபாமா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். அந்த ஆண்டு ட்ராஃப்டில் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒரே ஆட்டக்காரர் அவர்தான்.

அலபாமா ஏ அண்ட் எம் என்ற பெயரைக் கேட்டால் பழைய ஸ்டீலர்ஸ் ரசிகருக்கு நெஞ்சு துடிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

ட்ராஃப்ட் 1936-இல் தொடங்கியது. 1949 வரை ஒரு கறுப்பர்கூட அதில் எடுக்கப்படவில்லை. 1934 முதல் 1945 வரை லீக்கிலேயே ஒரு கறுப்பரும் இல்லை. கதவு திறந்த பிறகும் அணிகளின் ஸ்கவுட்டுகள், அதாவது ஆள் தேடிப் போகிறவர்கள், பெரும்பாலும் பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகங்களுக்கே போனார்கள். தெற்கில் நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் கறுப்பர்களுக்கென்று இருந்த கல்லூரிகளை ஏனோதானோ என்றுதான் பார்த்தார்கள்.

ஸ்டீலர்ஸ் 1933-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஒரு கோப்பையும் வாங்காத அணி. 1969-இல் 14 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தது. பிட்ஸ்பர்கில் ‘கூரியர்’ என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பத்திரிகை இருந்தது. அதன் விளையாட்டுப் பக்க ஆசிரியர் பில் நன். ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலை வெளியிடுவார். ஸ்டீலர்ஸ் கறுப்பர்களை நடத்தும் விதத்தில் அவருக்கு மதிப்பில்லை. அணியின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த டான் ரூனி அதைக் கேள்விப்பட்டு அவரைக் கூப்பிட்டுப் பேசினார். 1960களின் இறுதியில் நன் அணியின் ஸ்கவுட் ஆனார்.

அவருக்குத் தெரியாத கறுப்பினக் கல்லூரிப் பயிற்சியாளர் இல்லை. எல்.சி. கிரீன்வுட், மெல் பிளவுன்ட் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். 1974-இல் அலபாமா ஏ அண்ட் எம்மின் ஜான் ஸ்டால்வொர்த். ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது: பல அணிகளின் ஸ்கவுட்டுகள் போயிருந்த நாளில் தரை ஈரம். ஸ்டால்வொர்த் ஓடிய நேரம் சுமார்தான். குறித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் அதே பையனை ஓடவிட்டார். ஸ்டாப்வாட்ச் வேறு எண்ணைக் காட்டியது.

ஒரு நாளில் பையன் மாறவில்லை. தரை மாறியது. தங்கிப் பார்க்க ஒருவர் இருந்தார்.

அந்த ட்ராஃப்டில் ஸ்டீலர்ஸ் எடுத்தவர்களில் நான்கு பேர் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். நாலாம் சுற்றில் 82ஆவதாக வந்த ஸ்டால்வொர்த் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு 17 சுற்றுகளில் 442 பேர் எடுக்கப்பட்டார்கள். சவுத் கரோலினா ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரியின் டானி ஷெல் அந்த 442இல் இல்லை. நன் அவரையும் அணிக்குக் கொண்டுவந்தார். அவரும் 2020-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். ஒன்றுமில்லாமல் கிடந்த அணி ஆறு சீசனில் நான்கு சூப்பர் பவுல் வென்றது.

‘தகுதியானவர்கள் கிடைப்பதில்லை’ என்று அடுத்த முறை யாராவது சொன்னால் அந்த 442 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஷெல்லுக்குத் தகுதி அன்றும் இருந்தது. பட்டியல் போட்டவர்களின் கண்ணுக்குத்தான் அவர் படவில்லை.

இதைத் தேவதைக் கதையாக்கிவிடவும் வேண்டாம். மற்ற அணிகளின் குருட்டுத்தனம்தான் ஸ்டால்வொர்த்தை நாலாம் சுற்று வரை மலிவாக வைத்திருந்தது. விலக்கப்பட்டவர் மலிவாகக் கிடைப்பதில் லாபம் உரிமையாளருக்கு. இதே அணியில் ஜோ கில்லியம் என்ற கறுப்பு குவார்ட்டர்பேக் 1974-இல் முதல் ஆறு ஆட்டங்களை நடத்தினார். நான்கில் வெற்றி, ஒன்று சமன், ஒரே ஒரு தோல்வி. பிறகு உட்காரவைக்கப்பட்டார். அவர் எறிந்த முறைதான் காரணம் என்பார்கள். அவருக்கு வந்த வெறுப்புக் கடிதங்களும் வரலாற்றில் இருக்கின்றன. நன் 2014-இல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தது 2021-இல்.

டான் ரூனியின் பெயரில்தான் 2003-இல் ‘ரூனி விதி’ வந்தது. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்பது அப்போதைய விதி. வேலை கொடுக்க வேண்டும் என்றில்லை. 2022-இல் பிரையன் ஃபுளோரஸ் என்ற பயிற்சியாளர், முடிவெடுத்துவிட்டுப் பேருக்குத் தன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்று லீக்கின் மீதே வழக்குப் போட்டார். நம் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஒதுக்கப்பட்ட பேராசிரியர் இடத்துக்கு நேர்காணல் நடத்திவிட்டு ‘நாட் ஃபவுண்ட் சூட்டபிள்’ என்று எழுதி மூடும் கோப்புகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நாம் தேர்ந்தெடுக்கப்படுவது மட்டும் போதாது. தேர்ந்தெடுக்கும் அறையில் நம் ஆள் இருக்க வேண்டும். ஸ்டீலர்ஸின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

அறைக்குள் போனால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் படித்த அரசுக் கல்லூரிக்கு வளாகத் தேர்வுக்கு எந்த நிறுவனமும் வந்ததில்லை. இரவு பஸ் பிடித்துச் சென்னை வந்து வரிசையில் நின்றவன் நான். ஒரு நேர்காணலில் ‘ஊர்ல எந்தப் பக்கம் வீடு?’ என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் முகம் மாறியவரைப் பார்த்தவன். அப்படிப்பட்ட நான், பதவி உயர்ந்து தேர்வுக் குழுவில் முதல் முறை உட்கார்ந்த நாளில், மாவட்டக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பையனை நிராகரித்தேன். இங்கிலீஷில் திக்கினான். ‘கம்யூனிகேஷன்’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று போட்டேன். எட்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஈரத் தரையில் ஓடவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பிய ஸ்கவுட்டுகளில் நானும் ஒருவன். அவன் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

இப்போது முதல் பத்து நிமிஷம் தமிழில் பேசவிட்டுப் பிறகுதான் இங்கிலீஷுக்குப் போகிறேன். எங்கள் நிறுவனம் போகும் கல்லூரிப் பட்டியலில் இரண்டு அரசுக் கல்லூரிகளைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் முறை ‘பட்ஜெட் இல்லை’ என்றார்கள். மறுபடி எழுதியிருக்கிறேன்.

டீக்கடையில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். மெரிட் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். யாரைப் பார்க்கப் போனார்கள்? எந்தத் தரையில் ஓடவிட்டார்கள்? ஸ்டாப்வாட்ச் யார் கையில் இருந்தது? நாளைக்கு அது உங்கள் கைக்கு வரும்போது, ஒரு நாள் கூடத் தங்கிப் பாருங்கள்.

ஜெய்பீம்.