முள்மரம் என்றொரு மரம் இல்லை

சங்க இலக்கியம் நடத்தத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும், பாடத்தில் வரும் மரங்களில் பாதியை நான் கண்ணால் கண்டதில்லை. உரையில் 'ஒருவகை மரம்' என்றிருந்தால் நானும் 'ஒருவகை மரம்' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்க எனக்குத் தெரியும். அவற்றுள் வரும் ஈங்கையும், நச்சினார்க்கினியர் செங்கருங்காலி என்று உரை எழுதிய மாரோடமும் எங்கள் ஊர் வேலமரத்தின் உறவினர் என்பது தெரியாது. இந்த அறியாமைக்கு ஒரு மரம் விலை கொடுத்தது. அதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

2017ஆம் ஆண்டு. சீமைக்கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. தென்மாவட்டங்கள் எங்கும் அரிவாளும் மண்வாரி இயந்திரமுமாக ஒரே ஆரவாரம். எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் அந்த மார்ச் மாதம் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கண்மாயில் நடந்தது. திட்ட அலுவலர் நான். தொடக்க நாளில் மாணவர்களுக்குத் திருக்குறளிலிருந்து பேசினேன். முள்மரத்தை இளமையிலேயே களைந்துவிட வேண்டும், முற்றிவிட்டால் வெட்டுபவன் கையையே அது வருத்தும் என்று வள்ளுவர் சொல்லும் குறள். கைதட்டல் கிடைத்தது. பொருத்தமான மேற்கோள் ஒன்றைப் பிடித்துவிட்டால் தமிழாசிரியனுக்கு வரும் மிதப்பு எனக்கும் வந்தது.

நான்காம் நாள் கரையின் கீழ்க்கோடியில் பெரிய மரம் ஒன்று நின்றது. கறுத்து வெடித்த பட்டை. இரண்டு பேர் சேர்ந்து அணைக்க வேண்டிய பருமன். ஒரு மாணவன், "ஐயா, இதுவுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவன் ஏதோ வேறுபாட்டைக் கண்டிருக்க வேண்டும். நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "முள் இருக்கிறதல்லவா? வெட்டுங்கள்" என்றேன்.

உச்சிவேளைக்குள் மரம் விழுந்துவிட்டது. ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் வந்து சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சாய்ந்துகிடந்த கிளைகளிலிருந்து நெற்றுகளைப் பறித்து மடியில் கட்டத் தொடங்கினார். நான் அருகே போனேன்.

"வாத்தியாரே, இது நாட்டுக்கருவேலம்ல. எங்க மாமனார் காலத்து மரம். இதுல போயிக் கையை வச்சுட்டீகளே."

"தெரியாமல் நடந்துவிட்டது, ஆத்தா."

"காயைப் பாத்தாத் தெரியுமேய்யா" என்று சொல்லி ஒரு நெற்றை என் கையில் வைத்துவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நெற்றை எனக்குத் தெரியும் என்பதுதான் வேதனை. சாம்பல் பூத்த வெல்வெட்டுத் துணிபோல மேல்தோல். ஒவ்வொரு விதைக்கும் இடையே இறுக்கிக் கட்டியதுபோல் இடுங்கி, மணி கோத்த மாலையாகத் தொங்குவது. சிறுவயதில் என் அக்காள் அதன் பச்சைக் காயை முள்ளால் இணைத்துக் கொலுசாகக் கட்டிக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. அதே மரத்துப் பிசினைக் கரைத்துத்தான் கிழிந்த பாடநூல்களை ஒட்டினோம். எங்கள் வீட்டுக் கலப்பையும் வேலமரத்தில் செய்ததே. எல்லாம் தெரிந்திருந்தும், மரத்தைப் பார்க்கவேண்டிய அன்று மறந்துபோயிருந்தது.

ஊர் திரும்பியதும் தாவரவியல் துறை நண்பரிடம் நெற்றைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. "முள்ளைக் கடைசியாகப் பாருங்கள். இலை, பூ, காய். இந்த மூன்றையும் கேட்டால் மரம் தன் பெயரைத் தானே சொல்லிவிடும்" என்றார். அடுத்த ஓராண்டு, விடுமுறை நாள்தோறும் அவரோடு கண்மாய்க் கரைகளிலும் தேரிக் காடுகளிலும் திரிந்தேன். அப்போது கற்றதைச் சுருக்கமாக இங்கே வைக்கிறேன்.

முதலில் இலை. வேல இனத்தின் இலை இருமுறை பிரிந்தது. நடுக்காம்பிலிருந்து கிளைக்காம்புகள் இணையிணையாகப் பிரியும். சிற்றிலைகள் அவற்றில் வரிசையாக இருக்கும். எண்ண வேண்டியது கிளைக்காம்பு இணைகளை. சீமைக்கருவேலில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இணைதான். சிற்றிலைகள் நீண்டு, இடைவிட்டு நிற்கும். நாட்டுக்கருவேலில் மூன்று முதல் ஆறு இணைவரை சாதாரணமாகக் காணலாம். சிற்றிலைகள் மிகச் சிறியவை, நெருக்கமானவை. வெள்வேலில் இணைகள் இன்னும் மிகுதி.

அடுத்தது பூ. கருவேலம் பூத்தால் பொன்மஞ்சள் நிறத்தில் சிறு பந்துகள். இலைக்கக்கத்தில் கொத்தாக நிற்கும், மெல்லிய மணமும் உண்டு. வெள்வேலின் பந்துகள் வெளிறிய பாலேட்டு நிறம். கிளை நுனிகளில் பெரிய கொத்துகளாக எழுந்து, மழைக்காலத்தில் மரமே நுரைத்ததுபோல் தோன்றும். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் தட்டையாகக் குடைவிரித்து நிற்கும் உடைமரத்தின் பந்துகள் வெண்மையானவை. சீமைக்கருவேலில் பந்தே கிடையாது. இளமஞ்சளான நீண்ட கதிர் தொங்கும். கதிர் என்றாலே சீமை என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. காசுக்கட்டி தரும் கருங்காலிக்கும் கதிர்ப்பூதான். அங்கே முள் உதவிக்கு வரும்: கருங்காலியின் முள் பூனை நகம்போல் வளைந்தது.

கடைசியாகக் காய், மூதாட்டி சொன்னது. கருவேலின் காய் மணிமாலை. வெள்வேலின் காய் ஒடுங்கி நீண்டு சற்றே வளைந்த பழுப்புப் பட்டை. உடையின் காய் தடித்துச் சுருண்டிருக்கும். கருங்காலியின் காய் மெல்லிய தட்டை நாடா. சீமைக்கருவேலின் காய் முற்றினால் மஞ்சளாகும். உள்ளே இனிப்பான சதை. ஆடுமாடுகள் விரும்பித் தின்று, செரிக்காத விதைகளைச் சாணத்தோடு ஊரெங்கும் விதைக்கின்றன. மெக்சிகோவும் அதன் தெற்கு நாடுகளும் தாயகமான அம்மரம், 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து இத்தனை வேகமாகப் பரவியதன் சூத்திரங்களில் அந்த இனிப்பும் ஒன்று.

வெள்வேலின் அருமையை அறியக் காங்கேயம் பக்கம் போகவேண்டும். கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லுக்கு மேலே நிழலாக நிற்பது அதுதான். அதன் நெற்று மேய்ச்சலுக்குத் தீனி. முள்மரம் என்று அங்கே யாரும் அதை ஒதுக்குவதில்லை.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அக்கேசியா என்ற சொல்லே கிரேக்கர்கள் எகிப்தின் முள்மரத்துக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது. அந்த எகிப்திய மரம் நம் கருவேலின் இனம்தான். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அப்பெயரை ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கு ஒதுக்கியது. 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அதுவே நிலைத்தது. கருவேலம் இப்போது வச்செல்லியா, கருங்காலி செனகாலியா. பெயருக்கு உரியவனே பெயரை இழந்தான். நண்பர் இதைச் சொன்னபோது சிரித்தேன். வீட்டுக்கு வந்த பின் அச்சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு கருவேலத்தின் பெயரை அறியாமல் அதை வெட்டச் சொன்னவன் நான்.

இன்னொன்றும் உறைத்தது. அந்தக் குறளை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அது நிற்கும் அதிகாரத்தின் பெயரை ஒருமுறையேனும் நிதானமாக நினைத்ததில்லை. பகைத்திறம் தெரிதல். வெட்டுவதற்கு முன்னால் தெரிதல் இருக்கிறது. எது பகை, அதன் திறம் என்ன என்று ஆராய்ந்த பின்னர்தான் அரிவாள். நான் ஒன்பதாம் குறளை எடுத்துக்கொண்டு தலைப்பை விட்டுவிட்டேன்.

இப்போது பாலைத்திணை நடத்தும் நாளில் நாலைந்து நெற்றுகளைச் சட்டைப்பையில் கொண்டுபோகிறேன். அவை கைமாறிக் கடைசி வரிசைவரை போகும். சில மாணவர்கள் சிரிப்பார்கள். ஊர்ப்புறத்திலிருந்து வரும் பெண்பிள்ளைகள் சட்டென்று பெயர் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு நான் மாணவன்.

மறு மழைக்காலத்தில் அந்தக் கண்மாய்க்குத் தனியே போயிருந்தேன். வெட்டிய அடிக்கட்டை கறுத்துக் கிடந்தது. அருகே ஆட்டுக்கிடை போட்ட இடத்தில், புழுக்கைகளுக்கு நடுவே விரல் உயரத்தில் நான்கைந்து கன்றுகள். குனிந்து இலையை எண்ணினேன். அந்த இளம்பருவத்தில் இரண்டுக்கும் வேறுபாடு பிடிபடவில்லை. கருவேலாக இருக்கலாம், சீமையாகவும் இருக்கலாம். பிடுங்குவதற்கு நீண்ட கையை இழுத்துக்கொண்டேன். இன்னும் சில இலைகள் விடட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுந்து வந்தேன்.