பேய்களுக்குப் பதினான்கு விளக்கு

ஐப்பசி அமாவாசைக்கு முந்தைய நாள் காலையில் ஹவுராவின் காய்கறிச் சந்தைகளில் ஒரு விசித்திரமான கீரைக்கட்டு விற்பனைக்கு வருகிறது. ஒரே கட்டில் பல கீரைகள். 'சோத்தோ ஷாக்' என்று பெயர். பதினான்கு கீரை என்று அர்த்தம். அன்று மதியம் வங்காளி வீடுகளில் இதை வதக்கிச் சாப்பிட்டாக வேண்டும். மாலையில் வாசல், கிணற்றடி, துளசி மாடம், மாடிப்படி என்று பதினான்கு இடங்களில் அகல் விளக்கு ஏற்ற வேண்டும். காரணம், அன்று 'பூத் சதுர்தசி'. பேய்களின் சதுர்தசி.

தமிழர்களுக்கு இது அன்னியமான நாள் அல்ல. நரகாசுரனைக் கொன்றதாக நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அதே சதுர்தசிதான் இது. ஒரே திதியின் அதிகாலையை நாம் எடுத்துக்கொண்டோம். வங்காளிகள் அந்தியை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அசுரன் செத்த மகிழ்ச்சி. அவர்களுக்கோ செத்தவர்கள் திரும்பி வருகிற கலக்கம். விளக்குகள் பதினான்கு தலைமுறை முன்னோர்களுக்கு வழிகாட்ட என்று ஒரு விளக்கம். மறுநாள் காளி வருவதற்குள் பேய்களை விரட்ட என்று இன்னொரு விளக்கம். வரவேற்பா, விரட்டலா என்பதை யாரும் தீர்த்து வைத்ததாகத் தெரியவில்லை.

கீரைகளுக்குப் பதினாறாம் நூற்றாண்டு சாஸ்திர அறிஞர் ரகுநந்தனரின் பட்டியலே ஆதாரம் என்கிறார்கள். அதில் இருப்பவற்றில் பல நம் ஊர்ச் சரக்குதான்: வேப்பிலை, கடுகுக் கீரை, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, சீந்தில், சக்கரவர்த்திக் கீரை. நம் பேயாவரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியும் உண்டு. பேய்க்கு அஞ்சும் நாளில் பேயாவரை! மழை முடிந்து பனி தொடங்கும் பருவத்தில் காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் வருகிற நேரம் இது. கசப்புக் கீரைக்குப் பேய் ஒரு சாக்கு என்று சொல்கிறவர்களிடம் வாதாட முடியாது. ஆனால் இன்று சந்தைக் கட்டில் பதினான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் குறைவு. கிடைத்த கீரைகளை நறுக்கிக் கலந்து எடை போட்டுத் தந்துவிடுகிறார்கள்.

குளிர்காலத்துக்கும் பேய்க்கும் உள்ள உறவு வங்காளத்தின் தனிச் சொத்தல்ல. டிசம்பர் 5-ந் தேதி இரவு ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் கொம்பு முளைத்த கிராம்புஸ் குழந்தைகளைத் தேடி வருகிறது. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களை ஐஸ்லாந்தில் ஒரு ராட்சதப் பூனை விழுங்கிவிடும். கிரேக்கத்தில் கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாட்கள் பாதாளத்திலிருந்து குட்டிச்சாத்தான்கள் மேலே வரும். அவற்றைத் தடுக்க அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பேய்க்கதை எழுதுவதை டிக்கன்ஸ் 1843-ல் பெரிய வியாபாரமாகவே ஆக்கிவிட்டார். இரவு நீளும்போது மனிதன் எங்கும் ஒரே மாதிரிதான் பயப்படுகிறான்.

பயத்தை இவ்வளவு கறாராக வகைப்படுத்தியது மட்டும் வங்காளிகளின் தனித்திறமை. பிராமணன் செத்தால் 'பிரம்மதைத்யா'. வில்வ மரத்தில் குடியிருப்பு, ஓரளவு நல்ல குணம். முஸ்லிம் செத்தால் 'மாம்தோ'. மீன் கூடையோடு இருட்டில் போகிறவன் பின்னால் வந்து மூக்கால் பேசி மீன் கேட்பது 'மேச்சோ'. நெருங்கியவர் குரலில் இரவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது 'நிஷி'. அது இரண்டு முறைக்கு மேல் கூப்பிடாது என்பதால் மூன்றாவது அழைப்புக்குத்தான் கதவைத் திறக்க வேண்டும். தலையில்லாத முண்டம் 'ஸ்கந்தகாட்டா'. ரயிலில் அடிபட்டுச் செத்தவர்கள் இப்படி ஆவதாகச் சொல்வார்கள். ஆக, இந்த வகைக்கு வயது அதிகமிருக்காது. ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் புறப்பட்டது 1854 ஆகஸ்ட் 15-ல்தான்.

பெண் பேய்களிடம் வரும்போது வேடிக்கை குறைந்துவிடுகிறது. மணமாகாமல் செத்தவள் 'பெத்னி'. சுமங்கலியாகச் செத்தவள் 'ஷாக்சுன்னி'. கையில் சங்கு வளையல், சிவப்புக் கரைச் சேலை. விட்டுப்போன குடும்ப வாழ்க்கைக்காக ஏங்குவதே அவள் வேலை. லால் பிஹாரி டே 1883-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் அவளைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. இரவில் குளத்துக்குப் போன பிராமணன் மனைவி தெரியாமல் பேயின் மேல் உரசிவிட, பேய் அவளை மரப்பொந்தில் அடைத்துவிட்டு அவள் உருவில் வீட்டுக்கு வருகிறது. மந்தமாக வேலை செய்துகொண்டிருந்த மருமகள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டதில் மாமியாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சந்தேகமே வரவில்லை. அடுத்த அறையிலிருக்கும் பாத்திரத்தை இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி எடுத்ததையும், விறகுக்குப் பதிலாகக் காலை அடுப்பில் வைத்து எரித்ததையும் பார்த்த பிறகுதான் மந்திரவாதி வருகிறான். மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டி, செருப்பால் அடித்து உண்மையை வரவழைக்கிறான்.

கதையைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கதை புழங்கிய வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். உயர்சாதி வங்காளி வீட்டில் கணவன் செத்த அன்றே சங்கு வளையல் உடைக்கப்படும். அதன் பிறகு ஆயுள் முழுக்க மீன் கிடையாது. மீனில்லாமல் சோறு இறங்காத ஊரில் பத்து வயது விதவைக்கும் அதே விதி. வித்யாசாகரின் முயற்சியால் 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்த பின்னும் சமையலறைச் சட்டம் மாறவில்லை. சங்கு வளையலை விடாத பேயும் இருட்டில் மீன் கேட்கும் பேயும் எங்கிருந்து வந்தன என்று தேட மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. உயிரோடு இருந்தவர்களுக்கு மறுக்கப்பட்டதைத்தான் செத்தவர்கள் கேட்கிறார்கள்.

வீட்டுப் பெண்களின் துயரத்தை எழுதியே பெயர் பெற்ற சரத்சந்திரர் ஹவுராவாசி. பாஜே ஷிப்பூரிலும், 1926 முதல் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் ரூப்நாராயண் ஆற்றங்கரை சாம்தாபேரிலும் வாழ்ந்தார். த.நா. குமாரஸ்வாமி, த.நா. சேனாபதி போன்றவர்கள் வங்காளியிலிருந்து நேராகப் பெயர்த்துத் தந்த காலத்தில் அவரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நம்பிய வாசகர்கள் இருந்தார்கள். 1917-ல் வெளிவந்த 'ஸ்ரீகாந்தா' முதல் பாகத்தில் கதாநாயகன் அமாவாசை இரவில் தனியே சுடுகாட்டுக்குப் போகிறான். குழந்தை அழுவது போல் கேட்கிறது. அழுவது மரத்திலிருக்கும் கழுகுக் குஞ்சு. காரணம் தெரிந்த பின்னும் குலை நடுங்குவதுதான் அந்தப் பகுதியின் பலம்.

பயத்தைக் கொண்டாட்டமாக்கியவர் சத்யஜித் ராய். 1969-ல் வந்த 'கூபி காயின் பாகா பாயின்' படத்தின் பேய் நடனத்தில் ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்திக்காரர்கள் என்று நான்கு ஜாதிப் பேய்கள் ஆடுகின்றன. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வாத்தியங்கள் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். வங்காளத்துப் பேய்கள் ஆடுவது நம் தாளவாத்தியக் கச்சேரிக்கு!

ஷிப்பூரில் இன்னொரு தமிழ்த் தொடர்பு. ஓலாபீபிதலா என்ற இடத்தில் ஆயிரம் கைகள் கொண்ட காளி கோயில். சிராவண மாத வெள்ளிக்கிழமையில் தென்னிந்தியர்கள் திரளாக வருகிறார்கள். கண் தெரியாத தென்னிந்தியர் ஒருவருக்கு இங்கே பார்வை திரும்பியதாக ஐதீகம். இடத்தின் பெயருக்குரிய ஓலாபீபி வேறு யாருமல்ல, காலராவின் தேவதை. நம் மாரியம்மனைப் போல நோயும் மருந்தும் அவளே. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே அவளுக்கு அஞ்சினார்கள்.

சதுப்பு நிலத்தில் இரவில் மிதக்கும் 'ஆலேயா' வெளிச்சம் மீனவர்களை வழிதவறச் செய்து கொல்லும் என்பது இன்னொரு நம்பிக்கை. நம் கொள்ளிவாய்ப் பிசாசேதான். அழுகும் தாவரங்களிலிருந்து வரும் வாயு எரிவது என்கிறது அறிவியல். வாயுவோ பிசாசோ, இரண்டுக்கும் சதுப்பு நிலம் தேவை. ஹவுரா நகரமோ குளங்களைத் தூர்த்துத்தான் வளர்ந்திருக்கிறது. சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரி, குளிர்காலப் பறவைகளின் தயவில் பிழைத்திருக்கிறது. சுற்றிலும் தெரியும் வெளிச்சமெல்லாம் ரயில்வே விளக்குகள்.

பூத் சதுர்தசியில் தொடங்கும் இருட்டுக் காலம் பௌஷ் மாதக் கடைசியில் முடிகிறது. நம் மார்கழிதான் பௌஷ். இங்கேயும் அதில் கல்யாணம் கிடையாது. ஆனால் மாதம் முடியும் நாளில் இரு ஊர்களும் எதிரெதிராகப் போகின்றன. தமிழன் போகியன்று பழையதை எரித்துத் தள்ளுகிறான். வங்காளிக்கு பௌஷ் என்பது நெல் வீட்டுக்கு வந்த மாதம், லட்சுமியின் மாதம்; அதைப் போகவிட மனமில்லை. அறுவடை வைக்கோலைத் திரித்து நெற்குதிர், பெட்டி, கதவு எல்லாவற்றிலும் 'பௌனி' கட்டுகிறார்கள், மாதம் நழுவிவிடாதபடி. ஆம்தா, பாக்னான் பக்கத்து வீடுகளில் வெல்லமும் தேங்காயும் வைத்த பிட்டே வேகிறது. ஹவுரா நிலையத்தில் அதே நாட்களில் கங்காசாகருக்குப் போகும் சாதுக்களும் வடநாட்டுக் குடும்பங்களும் மூட்டையோடு படுத்திருக்கிறார்கள். நகரத்து அடுக்குமாடி வீட்டில் குதிருக்கு எங்கே போவது? வைக்கோல் துண்டை பீரோ கைப்பிடியில் கட்டிவிடுகிறார்கள்.