சரிவை வரைவது

பூமியைப் பற்றிப் படம் வேண்டுமென்று வருகிறவர்கள் மனதில் ஓர் உருண்டை இருக்கும். இரு கைகள் ஏந்திய உருண்டை, வியர்த்து வழியும் உருண்டை, கண்ணீர் விடும் உருண்டை. பெங்களூரில் சுவரொட்டியும் சித்திரக்கதையும் வரைந்து பிழைக்கும் நான் அந்த உருண்டையை வரைவதில்லை. பார்க்கிறவர் அதற்கு வெளியே நின்றுவிடுகிறார். 1968 டிசம்பரில் அப்போலோ 8 கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த பூமியின் படம் சூழல் இயக்கத்துக்கே முகமாகிப்போனது. ஆனாலும் அதில் யாரும் தன் தெருவைத் தேட முடியாது.

அந்தப் பார்வையைத் தலைகீழாக்கியவர் தெருக்கலைஞர் பாதல் நஞ்சுண்டசாமி. 2019 செப்டம்பரில் அவர் வெளியிட்ட காணொளியில் விண்வெளி உடை அணிந்த ஒருவர் நிலவில் தத்தித் தத்தி நடக்கிறார். பக்கத்தில் வண்டிகள் கடந்த பிறகுதான் அது பெங்களூர்ச் சாலை என்று உறைக்கிறது. 2015-இல் இதே நகரின் சுல்தான்பாளையாவில் தண்ணீர் தேங்கிய சாலைக்குழியில் முதலைச் சிற்பத்தை வைத்தவரும் அவர்தான். பார்க்கிறவரை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று அவரிடம்தான் கற்றேன்.

பெங்களூர்க்காரர் நிற்பது ஒரு மேட்டில். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், மின்சாரத்தால் ஏற்றப்பட்டு இங்கே வருகிறது. குளித்துத் துவைத்துக் கழுவியபின் தானாகவே இறங்கிப் போகிறது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இந்த ஏற்றமும் இறக்கமும் தெரியாது. அதனால் நிலத்தைக் குறுக்காக வெட்டி, பக்கவாட்டில் வரைகிறேன். அதிலும் ஒரு சிக்கல். 100 கிலோமீட்டரை ஒரு மீட்டர் தாளில் அடக்கினால் 500 மீட்டர் ஏற்றம் வெறும் 5 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தட்டையாகவே படும். உயரத்தை இருபது மடங்கு கூட்டினால்தான் மலை மலையாகிறது. கூட்டியதை ஓரத்தில் எழுதியும் விடுகிறேன். அதைச் சொல்லாத படம் பொய்.

இறங்கும் பாதையில் பெல்லந்தூர் ஏரி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் இந்த ஏரி தீப்பற்றிப் புகைந்ததை நாடே பார்த்தது. சோப்புத்தூளும் சாக்கடையும் கலந்த நீர் மதகில் விழுந்து கலங்கும்போது நுரை எழுகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நுரைக்கு நான் மை போடுவதில்லை. சுற்றிலும் நிறம் ஏற்றி, அந்த இடத்தில் தாளை வெறுமையாக விட்டுவிடுகிறேன். ஆபத்தும் அதில்தான். வெறும் தாள் பனிமலைபோல் அழகாகிவிடுகிறது. வாங்குகிறவர் வரவேற்பறையில் மாட்டிவிடுவார். அழகைக் கலைக்க, நுரை சாலைக்குப் பறந்துவராமல் இருக்கக் கட்டிய வலையையும், முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவரையும் பக்கத்தில் வரைகிறேன். நுரையின் அடிவிளிம்பில் சாம்பல்பச்சை ஒரு கோடு. மனித அளவு பக்கத்தில் வந்ததும் பனிமலை சாக்கடையாகிவிடும்.

அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை. அணையின் மதகுகளிலும் அதே நுரை. கரையில் இருப்பவர்களையே கதைசொல்ல வைக்கலாம் என்று 1994-லேயே நர்மதையை வைத்து ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ சித்திரநாவலில் காட்டினார் ஒரிஜித் சென். அதை மனதில் வைத்து இப்போது ஒரு நீண்ட மடிப்புத்தாள் செய்துகொண்டிருக்கிறேன். இடக்கோடியில் பெங்களூர்ச் சமையலறைக் குழாய், வலக்கோடியில் அந்த நீர் பாயும் ஓசூர் வயல். இரு முனையிலும் முன்னட்டை.

பெங்களூர்க்காரர் தன் முனையிலிருந்து பிரித்தால் விளைவு கடைசி மடிப்பில் வரும். ஓசூர் விவசாயிக்கு விளைவுதான் முதல் பக்கம். காரணத்தை அடைய அவர் சரிவில் மேலேற வேண்டும். விவசாயி எப்படியும் கடைசிவரை பிரிப்பார், அவருக்கு விடை வேண்டும். குழாயைத் திறந்தவர் நடுவில் மடித்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இந்தத் தாளில் என் வேலை.